மருத்துவமனையில் தங்கியிருக்கும் புற்றுநோயாளிகளின் அறிகுறிகளை மின்னணு முறையில் கண்காணித்தல்: வார்டுக்கான முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி, புற்றுநோய் வார்டில் பணிபுரியும் செவிலியர்களுக்கும் டியூட்டி மருத்துவர்களுக்கும், அவர்களுக்காக இந்த ஏற்பாட்டை அமைக்க முன்வருபவர்களுக்கும் எழுதப்பட்டது. படுக்கையில் இருக்கும் நோயாளி தமது வலி, குமட்டல், மூச்சுத் திணறல் போன்றவற்றைத் தாமே ஒரு டேப்லெட்டில் பதிவு செய்வதும், அந்தப் பதிவு உரிய நேரத்தில் உரியவரிடம் சென்று சிகிச்சையாக மாறுவதும் சேர்ந்ததே இங்கே கண்காணிப்பு எனப்படுகிறது. நாடித்துடிப்பையும் ஆக்சிஜன் அளவையும் காட்டும் மானிட்டர்கள் இதில் சேரா. நோயாளி சொன்னாலன்றி வெளியே தெரியாதவை மட்டுமே இங்கே பேசப்படுகின்றன.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் டேப்லெட்டையும் செயலியையும் தேர்ந்தெடுத்து, பிறகு கேள்விகளை ஏற்றி, வரும் எண்களை யார் பார்ப்பது என்ற கேள்விக்குக் கடைசியாக வந்து சேர்கிறார்கள். கீழே உள்ள வரிசை வேண்டுமென்றே அதற்கு நேர்மாறாக அமைக்கப்பட்டிருக்கிறது.

1. தொடங்கும் முன் உறுதி செய்ய வேண்டியவை

எச்சரிக்கையைப் பெறுபவர் யார் என்பது ஒவ்வொரு ஷிஃப்ட்டுக்கும் தனித்தனியாக முடிவாகியிருக்க வேண்டும். அதை ஒருவரின் பெயரில் அல்லாமல், அந்த ஷிஃப்ட்டில் அந்தப் படுக்கைகளுக்குப் பொறுப்பேற்கும் பணியிடத்தின் பெயரில் எழுத வேண்டும். இல்லையென்றால் அவர் விடுப்பில் செல்லும் நாளில் எச்சரிக்கைகள் யாரும் திறக்காத பெட்டியில் போய் விழும். இரவு ஷிஃப்ட்டையும் விடுமுறை நாட்களையும் தனியே எழுதுங்கள். ஏற்பாடு முதலில் உடைவது அங்கேதான்.

அடுத்தது, தேவைப்படும்போது கொடுக்க வேண்டிய மருந்துகளுக்கான முன்னனுமதி. 0 முதல் 10 வரையிலான அளவில் வலி 7 என்று திரையில் தெரிந்தும், கொடுப்பதற்கு எழுத்துப்பூர்வமான ஆர்டர் எதுவும் இல்லையென்றால், செவிலியர் மருத்துவரைத் தேடி அலைவதிலேயே நேரம் கழியும். ஆகவே நோயாளி சேர்க்கப்படும் அன்றே, இடையில் எழும் வலிக்கான மருந்தும் குமட்டலுக்கான மருந்தும், ஓபியாய்டு எனப்படும் மார்ஃபின் வகை வலிமருந்து எடுப்பவராக இருந்தால் மலமிளக்கியும் மருந்து அட்டையில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பதிவுகள் நோயாளியின் மின்னணு மருத்துவக் கோப்பிலேயே சேர வேண்டும் என்பது மூன்றாவது. தனியான கடவுச்சொல் கேட்கும் தனியான தளத்தை, வேலை நெருக்கடி உள்ள வார்டில் முதல் சில நாட்களுக்குப் பிறகு எவரும் திறப்பதில்லை. தகவல் தொழில்நுட்பப் பிரிவினரிடம் பேசும்போது, கேள்விப் படிவத்தையும் விடைகளையும் மருத்துவத் தகவல் பரிமாற்றத்துக்கான எச்.எல்.7 அமைப்பின் ஃபயர் (FHIR) தரநிலைப்படி பரிமாற முடியுமா என்று கேளுங்கள். அத்தரநிலையில் கேள்விப் படிவத்துக்கும் அதன் விடைகளுக்கும் தனித்தனி வடிவங்கள் ஏற்கெனவே வகுக்கப்பட்டுள்ளன.

2. பதில் நடவடிக்கையை முதலில் எழுதுதல்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். காரணம், ஆய்வுகளிலேயே இருக்கிறது. பரவிய புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெற்ற 766 வெளிநோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வில், அறிகுறி மோசமானபோது செவிலியருக்கு மின்னஞ்சல் எச்சரிக்கை சென்றது. கண்காணிக்கப்பட்டவர்களின் இடைநிலை உயிர்வாழ்வுக் காலம் 31.2 மாதங்களாகவும், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 26 மாதங்களாகவும் இருந்ததாக 2017-இல் வெளியானது. ஆனால் முற்றிய புற்றுநோயுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களிடம் நடத்தப்பட்டு 2022-இல் வெளியான ஆய்வில், நோயாளிகள் நாள்தோறும் அறிகுறிகளைப் பதிவு செய்து, அவை வரைபடங்களாகச் சிகிச்சைக் குழுவிடம் தரப்பட்டும், மருத்துவமனையில் தங்கிய நாட்களிலோ அறிகுறிச் சுமையிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: வார்டில் ஏற்கெனவே பலர் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதால், இன்னோர் அறிக்கை வந்து சேர்வது மட்டும் எதையும் மாற்றுவதில்லை. அறிக்கைக்குப் பின்னால் யார், எத்தனை நேரத்துக்குள், என்ன செய்ய வேண்டும் என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஒவ்வோர் அறிகுறிக்கும் ஒரு பக்கத்துக்கு மிகாத குறிப்பு ஒன்றைத் தயார் செய்யுங்கள். செவிலியர் படுக்கைக்குச் சென்று முதலில் எதைப் பார்க்க வேண்டும், எதைத் தாமே தொடங்கலாம், எந்த நிலையில் மருத்துவரை அழைக்க வேண்டும், மறுபடி எப்போது கேட்க வேண்டும் ஆகிய நான்கும் அதில் இருந்தால் போதும்.

குமட்டலை எடுத்துக்கொள்வோம். கீமோ கொடுத்த மறுநாள் வரும் குமட்டலும், ஆறு நாட்களாக மலம் கழிக்காதவருக்கு வரும் குமட்டலும் திரையில் ஒரே 6 ஆகத்தான் தெரியும். ஆகவே குறிப்பின் முதல் வரி மருந்தின் பெயராக இருக்கக் கூடாது. கடைசியாக மலம் கழித்தது எப்போது, வயிறு உப்பியிருக்கிறதா, காலையில் தலைவலியுடன் வாந்தி வருகிறதா, இரத்தத்தில் கால்சியம் எவ்வளவு என்று கேட்கும் வரிகளே முதலில் வர வேண்டும். குடல் முழுமையாக அடைபட்டிருப்பவருக்கு மெட்டோகுளோபிரமைடு என்ற குமட்டல் மருந்தைக் கொடுப்பது தீங்காக முடியும். எச்சரிக்கை வந்தவுடன் வழக்கமான ஊசியைப் போடும் பழக்கம் அங்கேதான் ஆபத்தாகிறது.

நடவடிக்கைக் குறிப்பு எழுத முடியாத எந்தக் கேள்வியையும் படிவத்தில் வைக்காதீர்கள். பி.எச்.க்யூ.-9 மனச்சோர்வுப் படிவத்தின் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணத்தைப் பற்றியது. இரவு பத்து மணிக்கு அதற்கு ஆம் என்று பதில் வந்தால் உடனே வந்து பேசக்கூடியவர் யார் என்பது தீர்மானிக்கப்படாத வார்டு, அந்தக் கேள்வியை மின்னணுப் படிவத்தில் வைக்கக் கூடாது. அங்கே நேரில் பேசிக் கேட்பதே சரி.

3. கேள்விப் படிவத்தைத் தேர்ந்தெடுத்தல்

சொந்தமாகக் கேள்விகளை உருவாக்க வேண்டாம். எண்களைக் காலப்போக்கில் ஒப்பிட வேண்டுமானால், சோதித்து நிறுவப்பட்ட படிவமே தேவை. வார்டுக்குப் பொருந்தக்கூடியவை சில உள்ளன.

எட்மண்டன் அறிகுறி மதிப்பீட்டுப் படிவம் வலி, சோர்வு, தூக்கக் கலக்கம், குமட்டல், பசியின்மை, மூச்சுத் திணறல், மனச்சோர்வு, பதற்றம், பொதுவான உடல்நலம் ஆகிய ஒன்பதை 0 முதல் 10 வரை கேட்கிறது. நோயாளி விரும்பும் இன்னொன்றைச் சேர்க்க ஓர் இடமும் உண்டு. அதன் திருத்திய வடிவம் இந்த நேரத்தில் எப்படி இருக்கிறது என்று கேட்பதால், நாள்தோறும் கேட்பதற்கு இதுவே ஏற்றது என்பது என் கருத்து. எம்.டி. ஆண்டர்சன் படிவம் கடந்த 24 மணி நேரத்தைப் பற்றி 13 அறிகுறிகளையும், அவை அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் விதம் பற்றி ஆறு கேள்விகளையும் கேட்கிறது. ஆகவே கொஞ்சம் நீளம். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ப்ரோ-சி.டி.சி.ஏ.இ. தொகுப்பில் 78 அறிகுறிகள் உள்ளன. ஆனால் அதன் வழக்கமான வடிவம் கடந்த ஏழு நாட்களைப் பற்றிக் கேட்பதால், நேற்று மாற்றிய மருந்து இன்று வேலை செய்ததா என்பதை அது காட்டாது.

எட்மண்டன் படிவத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள், காலியாக உள்ள பத்தாவது இடத்தில் மலச்சிக்கலை நிரந்தரமாக வைத்துக்கொள்வது நல்லது. ஓபியாய்டு தரும் தூக்கக் கலக்கமும் குமட்டலும் சில நாட்களில் உடலுக்குப் பழகிவிடுவதுண்டு, மலச்சிக்கல் பழகுவதில்லை. வாய்ப்புண் அதிகம் வரும் சிகிச்சைகள் நடக்கும் வார்டானால் அதையும் சேர்க்கலாம். அதற்கு மேல் சேர்க்காதீர்கள், ஏனென்றால் நோயுற்றவர் தினமும் விடையளிக்க வேண்டிய படிவம் இது.

நோயாளிகள் பேசும் மொழியில் சரிபார்க்கப்பட்ட வடிவம் இருக்கிறதா என்று பாருங்கள். உரிமையாளரின் அனுமதி தேவையா என்பதையும் இதே கட்டத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். பிறகு சில நோயாளிகளிடம் ஒவ்வொரு கேள்வியையும் காட்டி, அது எதைக் கேட்பதாக அவர்கள் புரிந்துகொள்கிறார்கள் என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். சோர்வையும் தூக்கக் கலக்கத்தையும் பலர் ஒன்றாகவே எடுத்துக்கொள்வது அப்போது தெரியவரும்.

4. எச்சரிக்கை வரம்புகளை அமைத்தல்

பொதுவாக 1 முதல் 3 வரை இலேசானது, 4 முதல் 6 வரை மிதமானது, 7 முதல் 10 வரை கடுமையானது என்று கொள்வது வழக்கம். தொடக்கத்துக்கு இப்படி வையுங்கள்: 4-ஐத் தொட்டால் அந்தப் படுக்கைக்குரிய செவிலியருக்கு, 7-ஐத் தொட்டால் செவிலியருடன் மருத்துவருக்கும். முந்தைய பதிவிலிருந்து 2 அல்லது அதற்கு மேல் கூடியிருந்தால், எண் சிறியதாக இருந்தாலும் செவிலியருக்குத் தெரிய வேண்டும். 1-இலிருந்து 3-க்கு ஏறிய மூச்சுத் திணறல், பல நாட்களாக 4-இல் நிற்கும் மூச்சுத் திணறலைவிடப் பல நேரங்களில் அவசரமானது.

எல்லா அறிகுறிகளுக்கும் ஒரே வரம்பை வைப்பது மிகவும் பரவலான தவறு. முற்றிய நோயில் சோர்வும் பசியின்மையும் 4-க்கு மேல் இருப்பதே வழக்கம் என்பதால், அவை இரண்டும் நாள் முழுவதும் மணியடித்துக்கொண்டிருக்கும். அந்த இரைச்சலில் உண்மையான எச்சரிக்கையும் கவனிக்கப்படாமல் போகும். அவற்றை உடனடி எச்சரிக்கையிலிருந்து நீக்கி, காலை ரவுண்ட்ஸ் பட்டியலில் மட்டும் காட்டுங்கள். நீண்ட நாட்களாக ஒரே எண்ணில் நிற்கும் அறிகுறிக்கான எச்சரிக்கையை மருத்துவர் காரணம் எழுதி நிறுத்திவைக்க வழி இருக்க வேண்டும். ஆனால் அது 48 மணி நேரத்தில் தானாகவே மறுபடி உயிர்பெறும்படி அமைக்க வேண்டும்.

எண்கள் தனித்தனியாகப் பார்க்கப்படும்போது தவறிப்போகும் சேர்க்கைகளும் உண்டு. ஓபியாய்டு பெறுபவருக்கு வலி 8-இலிருந்து 2-க்கு இறங்கியிருப்பது நல்ல செய்தி போலத் தோன்றும்; அதே பதிவில் தூக்கக் கலக்கம் 2-இலிருந்து 8-க்கு ஏறியிருந்தால், உடனே போய் அவரை எழுப்பிப் பார்த்து, மூச்சு விகிதத்தை எண்ணி, சிறுநீரகச் செயல்பாட்டையும் பார்க்க வேண்டும், ஏனெனில் சிறுநீரகம் தளர்ந்தவரின் உடலில் மார்ஃபின் சிதைந்து உருவாகும் பொருட்கள் தேங்கும். இதுபோலவே முதுகுவலி கூடுவதோடு கால் பலவீனமோ சிறுநீர் கழிப்பதில் சிரமமோ சேர்ந்திருந்தால், தண்டுவடம் அழுத்தப்படுகிறதா என்று எண்ணைப் பொருட்படுத்தாமல் அன்றே பார்க்க வேண்டும். இத்தகைய சேர்க்கைகளுக்கு மென்பொருளில் தனி விதி எழுத முடியாவிட்டால், செவிலியர் நிலையத்தில் ஓர் அட்டையிலாவது எழுதி ஒட்டுங்கள்.

காய்ச்சலை இந்தப் படிவத்தில் சேர்க்க வேண்டாம். நியூட்ரோஃபில் எனப்படும் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 500-க்குக் கீழே உள்ளவருக்கு ஒருமுறை 38.3 டிகிரி செல்சியஸோ, ஒரு மணி நேரம் நீடிக்கும் 38 டிகிரியோ இருந்தாலே அது அவசரநிலை. ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் தொடங்க வேண்டும். அதற்கு வெப்பமானியும் செவிலியரும் போதும். நோயாளி டேப்லெட்டைத் திறக்கும் வரை அது காத்திருக்கக் கூடாது.

5. கேட்கும் நேரத்தைத் தீர்மானித்தல்

ரவுண்ட்ஸ் தொடங்குவதற்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பாகக் காலைப் பதிவு முடிந்திருக்க வேண்டும். இல்லையேல் அன்றைய முடிவுகள் நேற்றைய எண்களின் மேல் எடுக்கப்படும். மாலைப் பதிவை இரவு ஷிஃப்ட்டுக்குப் பொறுப்பு மாறுவதற்கு முன் வையுங்கள், ஏனெனில் வலி கூடுவதும் பதற்றம் எழுவதும் பெரும்பாலும் இரவில்தான். இரண்டுக்கு மேல் கேட்டால் பதில் தருவோர் குறைகிறார்கள்.

கீமோ முடிந்த மறுநாளே கண்காணிப்பைத் தளர்த்துவது தவறு. சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகளின் பின்குமட்டல் இரண்டாம், மூன்றாம் நாட்களில்தான் உச்சத்தைத் தொடுகிறது.

6. கருவியைத் தயார் செய்தல்

இப்போதுதான் டேப்லெட்டுக்கு வர வேண்டும். வின்கிரிஸ்டின், பக்லிடாக்செல், ஆக்ஸாலிபிளாட்டின் ஆகிய கீமோ மருந்துகளைப் பெற்றவர்களில் பலருக்கு விரல் நுனிகள் மரத்திருக்கும் என்பதால், பொத்தான்கள் பெரியவையாக, இடைவெளியுடன் இருக்க வேண்டும். ஒரு திரைக்கு ஒரு கேள்வி போதும். ஊசிக் குழாய் பொருத்திய கைப்பக்கம் வைக்கப்படும் தாங்கியால் பயனில்லை. இருபுறமும் திரும்பும் தாங்கியாக வாங்குங்கள்.

இழுக்கும் பட்டையை வைத்து எண்ணைத் தேர்ந்தெடுக்கும் வடிவமைப்பைத் தவிருங்கள். அந்தப் பட்டை முன்கூட்டியே 0-இலோ 5-இலோ நின்றால், எதையும் தொடாமல் அடுத்த திரைக்குப் போகும் நோயாளியின் பதிவில் அந்த எண்ணே ஏறிவிடும். எண் ஒன்றைத் தொட்டால் மட்டுமே கேள்வி நகர வேண்டும். பதில் சொல்ல விருப்பமில்லை என்பதற்கும் ஒரு பொத்தான் வேண்டும்.

ஒவ்வொருவருக்கும் பிறகு 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் துணியால் துடைக்கும் கடமை எவருடையது என்பதையும் எழுதுங்கள். தனிமைப்படுத்தப்பட்ட அறைக்குத் தனிக் கருவி வேண்டும். பதிவு முடிந்ததும் திரை தானாக வெளியேற வேண்டும். அடுத்த படுக்கைக்குப் போகும் டேப்லெட்டில் முந்தையவரின் எண்கள் தெரியக் கூடாது. அடையாளத்தைப் படுக்கை எண்ணை வைத்து உறுதி செய்யாமல், கைப்பட்டையை ஸ்கேன் செய்து உறுதி செய்யுங்கள், ஏனெனில் வார்டில் படுக்கைகள் மாறிக்கொண்டே இருக்கும்.

7. நோயாளிக்குக் கற்றுக்கொடுத்தல்

சேர்க்கை நாளின் சலசலப்பு அடங்கிய பிறகு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். முதல் பதிவை அருகில் இருந்து செய்ய வையுங்கள். அப்போது கவனிக்க வேண்டியது ஒன்று: பசியின்மைக்கு 10 போட்டவர், நன்றாகச் சாப்பிடுகிறேன் என்ற பொருளில் போட்டிருக்கலாம். பொதுவான உடல்நலக் கேள்வியிலும் இதே தடுமாற்றம் வரும். எல்லாக் கேள்விகளிலும் 0 நல்லது, 10 மிக மோசம் என்று சொல்லிவிட்டு, அவர் போட்ட எண்ணை வார்த்தையில் திருப்பிச் சொல்லிச் சரிபாருங்கள்.

அடுத்ததாகச் சொல்ல வேண்டியது, இந்தத் திரை அழைப்பு மணிக்கு மாற்று அல்ல என்பது. மூச்சு முட்டினால், நெஞ்சு வலித்தால், நடுக்கம் எடுத்தால் மணியை அழுத்த வேண்டும். டேப்லெட்டில் எழுதிவிட்டோம், வருவார்கள் என்று காத்திருக்கக் கூடாது. இதை முதல் திரையிலேயே பெரிய எழுத்தில் வையுங்கள், வாயாலும் சொல்லுங்கள்.

வலியைக் குறைத்துச் சொல்பவர்களும் உண்டு. வலி அதிகம் என்றால் கீமோவை நிறுத்திவிடுவார்கள் என்ற பயமோ, செவிலியரைத் தொந்தரவு செய்கிறோம் என்ற கூச்சமோ அதற்குக் காரணமாக இருக்கலாம். எண்ணைப் பார்த்து யார் என்ன செய்வார்கள் என்பதை முன்பே விளக்கிவிட்டால் இந்தத் தயக்கம் பெருமளவு குறைகிறது.

8. தாமே பதிலளிக்க இயலாதவர்கள்

படிக்க இயலாதவருக்குச் செவிலியர் கேள்வியை உள்ளபடியே வாசிக்கலாம்; விளக்கமோ யூகமோ சேர்க்கக் கூடாது. உறவினர் நிரப்பினால், நிரப்பியவர் யார் என்று பதிவாக வேண்டும், ஏனென்றால் குடும்பத்தினரின் மதிப்பீடு நோயாளி சொல்வதைவிடக் கூடுதலாகவும், மருத்துவக் குழுவின் மதிப்பீடு குறைவாகவும் இருப்பது வழக்கம். ஒருவர் நிரப்பியதையும் மற்றொருவர் நிரப்பியதையும் ஒரே வரைபடக் கோட்டில் இணைத்தால், நோய் மாறாமலே கோடு ஏறி இறங்கும்.

தினமும் பதில் தந்தவர் திடீரென்று நிறுத்தினால், அதைச் சலிப்பு என்று விட்டுவிடாதீர்கள். டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பம் முதலில் இப்படித்தான் தலைகாட்டக்கூடும். இரண்டு பதிவுகள் தொடர்ந்து வராவிட்டால் செவிலியருக்கு எச்சரிக்கை செல்ல வேண்டும். அவர் சென்று, மனக்குழப்பம் இருக்கிறதா என்பதை சி.ஏ.எம். போன்ற முறையால் சோதிக்க வேண்டும். உறுதியானால் மின்னணுப் பதிவை நிறுத்திவிட்டு, முகபாவம், முனகல், உடல் இறுக்கம் ஆகியவற்றைக் கவனித்து வலியை மதிப்பிடும் முறைக்கு மாறுங்கள்.

9. ரவுண்ட்ஸில் பயன்படுத்துதல்

எல்லா எண்களையும் வாசிக்க வேண்டாம். ஒவ்வொரு நோயாளிக்கும் மோசமான இரண்டு அறிகுறிகளும், நேற்றிலிருந்து மாறியவையும் மட்டும் போதும். அவற்றைச் செவிலியர் சொல்ல வேண்டும், அதற்கு மருத்துவர் எடுத்த முடிவு அங்கேயே ஆர்டராக ஏற வேண்டும். பார்த்தாயிற்று என்று தட்டிவிட்டு மூடும் பொத்தானைக் கொடுக்காதீர்கள். மருந்து மாற்றப்பட்டது, பரிசோதனை கோரப்பட்டது, நோய்த்தணிப்புக் குழு அழைக்கப்பட்டது, மாற்றம் தேவையில்லை என்பவற்றில் ஒன்றைத் தேர்ந்தால்தான் எச்சரிக்கை மூட வேண்டும். கடைசித் தேர்வுக்கு ஒரு வரிக் காரணமும் வேண்டும். இந்தச் சிறு கண்டிப்புக்கு முதலில் முணுமுணுப்பு எழும், விட்டுக்கொடுக்காதீர்கள்.

10. மறுபடி கேட்டல்

பெரும்பாலான வார்டுகள் தவறவிடும் படி இது. வலிக்கு நரம்பு வழியாக ஓபியாய்டு கொடுத்தால் 15 நிமிடத்திலும், வாய்வழியாக உடனடியாக வேலை செய்யும் வகையைக் கொடுத்தால் 60 நிமிடத்திலும் மறுபடி எண்ணைக் கேட்க வேண்டும், ஏனெனில் அந்த நேரங்களில்தான் மருந்தின் விளைவு ஏறக்குறைய உச்சத்தில் இருக்கும். மருந்து கொடுத்ததாகப் பதிவானவுடன் அந்த ஒரு கேள்வி மட்டும் தானாக எழும்படி அமைத்துவிட்டால், செவிலியர் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. தூங்கிவிட்டவரை எண் கேட்பதற்காக எழுப்ப வேண்டாம். மூச்சு விகிதத்தையும், தொட்டால் விழிக்கிறாரா என்பதையும் பதிவு செய்தால் போதும்.

11. முதல் மாதத்தில் அளக்க வேண்டியவை

ஒரே வார்டில், சில படுக்கைகளில் தொடங்குங்கள். எத்தனை பேர் பதிவு செய்தார்கள் என்பதை எல்லோரும் எண்ணுகிறார்கள்; அது எளிது, ஆனால் அதிகம் சொல்லாது. 7-ஐத் தொட்ட பதிவிலிருந்து முதல் நடவடிக்கை வரை ஆன நேரம், நடவடிக்கைக்குப் பின் மறுபடி கேட்கப்பட்டவர்களின் பங்கு, காரணமின்றி மூடப்பட்ட எச்சரிக்கைகள் ஆகியவற்றை வாரந்தோறும் பாருங்கள். பதிவே செய்யாதவர்கள் யார் என்றும் பாருங்கள். அவர்கள் பெரும்பாலும் மிகவும் நலிந்தவர்களாகவே இருப்பார்கள், அவர்களை விட்டுவிட்டு எடுக்கும் சராசரி வார்டின் நிலையை உள்ளதைவிட நன்றாகக் காட்டும்.

வரம்புகளை முதல் வாரத்திலேயே மாற்றாதீர்கள். ஒரு மாதப் பதிவுகளைப் பார்த்து, எந்த எச்சரிக்கைகள் நடவடிக்கையாக மாறவே இல்லை என்று கண்டுபிடித்து, அவற்றை மட்டும் திருத்துங்கள்.

12. வீடு திரும்பும் நாள்

கடைசி மூன்று நாட்களின் எண்கள் டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் இடம்பெற வேண்டும். கடைசிக் காலைப் பதிவில் ஏதேனும் ஓர் அறிகுறி 7 அல்லது அதற்கு மேல் இருந்தால், அனுப்புவதற்கு முன் மருத்துவர் ஒருமுறை வந்து பார்க்கட்டும். வீட்டிலும் பதிவைத் தொடரப் போகிறார் என்றால், வார்டுக்குச் சென்ற எச்சரிக்கைகள் இனி எந்தக் குழுவுக்குச் செல்லும், எந்த நேரங்களில் பார்க்கப்படும், பார்க்கப்படாத நேரத்தில் எந்த எண்ணை அழைக்க வேண்டும் என்பதை எழுதிக் கொடுங்கள். தொடரப் போவதில்லை என்றால், கணக்கை அன்றே மூடிவிடுங்கள்; யாரும் பார்க்காத திரையில் அவர் வீட்டிலிருந்து 9 என்று பதிவிட்டுக் காத்திருக்க நேரிடக் கூடாது.